புறமுதுகு

முதல் சந்திப்பிலேயே மெஞ்சா சொல்லிவிட்டாள்:
"எந்த ஜன்னலிலிருந்தும் அது தெரியக் கூடாது."

அது என்றால், மலை.
மூவாயிரத்து முந்நூறு மீட்டர்.

மேசைமேல் விரித்திருந்த என் வரைபடத்திலோ
பதினொரு மீட்டர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி,
நேரே சிகரத்தைப் பார்த்து.
கூரைச் சரிவும் சிகரச் சரிவும் ஒரே கோணம், முப்பத்தெட்டு பாகை.
அந்த ஒரு கோட்டுக்காக இரண்டு இரவு விழித்திருந்தேன்.
ஓரத்தில் "இயைபு" என்று எழுதி
அடிக்கோடு வேறு.

அவள் அந்த அடிக்கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
காபி ஆறி ஆடை படிந்தது.
பிறகு, மின்கணக்கு எடுக்க வந்தவனிடம்
விவரம் சொல்வதுபோலச் சொன்னாள்:
"பால்சர் அங்கேதான் இருக்கிறான்.
ஏழு வருஷம் ஆகிறது. பனியாறு இன்னும் அவனைத் தரவில்லை."

கூர் நகருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம்.
அவள்மேல் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.
அவள்மேல்தான்.
இந்தக் காட்சிக்காக மனிதர்கள் கடன் வாங்குகிறார்கள்.
விருதுக் குழுவுக்கு எழுத
ஒரு நல்ல வாக்கியம்கூடக் கைவசம் இருந்தது.

மண்ணை அளக்கப் போன நாளில்தான் கண்டேன்:
அந்த ஊரின் தொழுவங்கள் ஒன்றுகூட
மலையைப் பார்க்கவில்லை.
எல்லாம் புறமுதுகு காட்டி நின்றன.
பின்சுவரில் சாளரமில்லை, ஒரு கைப்பிடி ஓட்டைகூட இல்லை;
சரிவுக்குள் பாதி புதைந்து,
படகின் அணியம்போல் கல் கூராய் முன்தள்ளி,
இறங்கி வரும் பனியை
இரண்டாய்ப் பிளந்து அனுப்ப.

போரில் இழுக்கு.
இங்கே, நிற்பதற்கு வழி.

கண்ணாடியை அழித்தேன்.
ஓடைக் கல்லை உடைத்துக் கலந்த கான்கிரீட்;
மழையில் நனைந்தால்
பாறைக்கும் சுவருக்கும் எல்லை தெரியாது.
லார்ச் பலகைகளுக்கு வண்ணம் பூச வேண்டாம் என்றதும்
தச்சன் யாக்கன் தலையைச் சொறிந்தான்:
"அஞ்சு வருஷத்துல கறுத்துப்போகும்."
கறுக்கட்டும்.
பின்பக்கம் முழுக்க ஆப்பு வடிவில் ஒரு சுவர்,
அதற்குள் அவள் படுக்கையின் தலைமாடு.
ஜன்னல் எல்லாம் தெற்கே: பள்ளத்தாக்கு, பேருந்து நிறுத்தம்,
யாருடையதோ மூன்று ஆடுகள்.

விருதுக் குழு வரவில்லை. பனி வந்தது,
இரண்டாம் குளிர்காலத்தில், ஒரு செவ்வாய் விடிகாலை.
ஆப்பில் மோதி இருபுறமும் பிரிந்து போயிற்றாம்.
அவள் அதைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதி,
அடுத்த வரியில்
குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி எழுதியிருந்தாள்.

பிறகு அக்டோபரில் ஃபோன். "நீ வரணும்."

போனேன். ஐந்தரை மணி.
சமையலறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.
தெருவுக்கு எதிரே சூரிச் பல்மருத்துவர் ஒருவர்
கோடைகாலத்துக்குள் மூன்று மாடி எழுப்பியிருந்தார்.
அவர் மேல்மாடியில் என் பதினொரு மீட்டர் கண்ணாடி,
வேறு யாரோ வரைந்தது.
அதில் முழுசாய் அந்த மலை,
சாயங்காலத்தில் பழுத்து, செம்பாய், தலைகீழாகக்கூட இல்லாமல்,
இடம்வலம் மட்டும் மாறி.

நாக்கு உலர்ந்தது.
திரை போடலாம் என்றேன்.
ஜன்னலையே இடம் மாற்றலாம், செலவு என்னுடையது,
பல்மருத்துவரிடம் பேசுகிறேன், நகராட்சிக்கு எழுதுகிறேன் என்றேன்.
மெஞ்சா உருளைக்கிழங்கின் தோலை
அறுபடாமல் ஒரே சுருளாய் உரித்துக்கொண்டிருந்தாள்.
அவள் நாற்காலி
மேசைக்கு நேராக இல்லை.
கொஞ்சம் திரும்பியிருந்தது, தெற்கே, மேலே பார்த்து.
தரைப்பலகையில் அதன் கால்கள்
ஏற்கெனவே நான்கு தடம் பதித்திருந்தன.

ஆறு நிமிடம் இருந்திருக்கும்.
கண்ணாடி சாம்பலானது.

"அதுக்கு இல்லை," என்றாள் கத்தியைத் துடைத்தபடி.
"இந்த ஜன்னல் கீல் கிறீச்சிடுகிறது.
திறக்கும்போதெல்லாம் ஆடு பயப்படுது.
எண்ணெய் கொண்டுவந்தியா?"